சத்தக்காரர் வீட்டுப் பேய்க்குரல்

வருகிற ஞாயிற்றுக்கிழமை டி.வி. பார்க்கிற அத்தனை பேரையும் நடுநடுங்க வைத்தே தீருவது என்று சத்தக்காரர் சபதம் எடுத்தார். சபதம் எடுத்தது குளியலறைக்குள். வீட்டில் வேறு எந்த இடத்தில் எடுத்தாலும் "அங்க என்ன முணுமுணுப்பு?" என்று கேள்வி வந்துவிடும்.

சத்தக்காரர் என்பது டி.வி. நிலையத்தில் அவருக்கு வைத்த பேர். அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோறும் ஒரு பேய்க்கதை போடுவார்கள். போன வாரம் வந்த பேய் இந்த வாரம் வராது. புதுக் கதை, புது வீடு, புதுப் பேய். பேய் மாறினாலும் சத்தம் மாறாது. சத்தம் எல்லாம் இவர் கைவேலை. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே கையாலும் காலாலும் சத்தம் உண்டாக்குவார். எலும்பு முறிய வேண்டுமா, காரட்டை ஒடிப்பார். கத்தி இறங்க வேண்டுமா, முட்டைக்கோஸில் இறக்குவார். பேய் நடந்து வர வேண்டுமா, ஈரத் துண்டைத் தரையில் பொத்துப் பொத்தென்று அடிப்பார்.

காரட்டும் கோஸும் துண்டும் எங்கிருந்து போகும்? வீட்டிலிருந்துதான்.

"இந்தக் கோஸுல என்ன இத்தனை ஓட்டை? எலியா?" என்பாள் மனைவி.

"எலி இல்லம்மா. கொலை."

"யாரை?"

"ஒரு டாக்டரை. மாடிப்படியில."

"டாக்டரைக் குத்தின கோஸைப் பாப்பாவுக்கு எப்படி ஊட்டறது? அடுத்த தடவை யாரையாவது கொல்றதா இருந்தா கயித்தால கொல்லச் சொல்லுங்க. காய்கறியாவது மிஞ்சும்."

வெளியே அத்தனை சத்தம் போடுகிற மனுஷர் வீட்டில் இதற்கு மேல் ஒரு சத்தம் போட்டதில்லை. தலையை ஆட்டிவிட்டு ஓட்டை இல்லாத பக்கமாகக் கோஸைத் திருப்பி வைப்பார்.

சபதம் எடுக்க வேண்டி வந்ததற்குக் காரணம் டைரக்டர். நல்ல மனுஷர்தான். ஆனால் போன வாரத்துக் கதை முடிந்ததிலிருந்து முகம் காய்ந்த எலுமிச்சம்பழம் மாதிரி ஆகிவிட்டது. கதை முடிந்ததும் திரையில் ஒரு போன் நம்பர் வரும். பார்த்தவர்கள் கூப்பிட்டுக் கருத்துச் சொல்லலாம். அந்தப் போனுக்குப் பக்கத்தில் டைரக்டரே ஆசையாக உட்கார்ந்திருப்பார்.

"போன வாரம் ஒரே ஒரு போன் வந்துச்சுய்யா," என்றார் டைரக்டர்.

"பயந்துட்டாங்களா சார்?"

"அந்தப் பேய் நின்ன ஜன்னல்ல ஒரு திரை தொங்குச்சே, அது எந்தக் கடையில வாங்கினதுன்னு கேட்டாங்க."

சத்தக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மேலிடத்துல சொல்லிட்டாங்க. இந்த வாரமும் ஜனங்க பயப்படலைன்னா பேயை நிறுத்திட்டு அந்த நேரத்துல சமையல் போடப் போறாங்களாம். எனக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும். உனக்கு? சமையலுக்குச் சத்தக்காரர் எதுக்கு? எண்ணெய்ல கடுகைப் போட்டா அதுவே சத்தம் போட்டுக்கும்."

அந்த வேலையைத் தவிர சத்தக்காரருக்கு வேறு எதுவும் தெரியாது. காரட் ஒடிப்பதை நம்பி யார் வேலை கொடுப்பார்கள்?

இந்த வாரத்துக் கதை இதுதான். ஒரு பழைய வீடு. அதில் ஒருவன் தனியாக இருக்கிறான். மனைவி செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒருநாள் மூடின கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் கேட்கிறது. அவ்வளவுதான். பேய் கடைசி வரை கண்ணில் படவே படாது. குரல் மட்டும்தான்.

"அந்தக் குரலைக் கேட்டதும் ஜனங்க நாற்காலியை விட்டு எழுந்திரிச்சு ஓடணும். அப்படி ஒரு குரல் கொண்டா," என்றார் டைரக்டர்.

மூன்று நடிகைகளை வைத்து முயற்சி செய்தார்கள். ஒருத்தி அலறினாள், கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டது போல இருந்தது. இன்னொருத்தி முனகினாள், பல்வலி போல இருந்தது. மூன்றாவது வந்தவள் சிரித்தாள். கூடவே மைக் பிடித்தவனும் சிரித்துவிட்டான்.

சத்தக்காரர் வீட்டுக்கு வந்து பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். படிக்கவில்லை. தலைக்குள் பேய் தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் சமையலறையிலிருந்து அது வந்தது.

"ஏங்க…"

அதில் கோபம் கிடையாது. கேள்வியும் கிடையாது. கீழே ஆரம்பித்து, நடுவில் மெல்ல ஏறி, கடைசியில் ஒரு வால் மட்டும் அந்தரத்தில் தொங்கும். அந்த வாலில்தான் விஷயமே இருக்கிறது. அதைக் கேட்டதும் சத்தக்காரரின் கை தானாகப் பேப்பரை மடித்தது. கால் தானாகச் செருப்பைத் தேடியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் மறந்துபோனதெல்லாம் நெஞ்சுக்குள் வரிசையில் வந்து நின்றது. கேஸ் சிலிண்டருக்குச் சொல்லவில்லையோ? துண்டைக் கட்டிலில் போட்டோமோ? மாமியாருக்குப் போன் பண்ணவில்லையோ?

கையைப் பார்த்தார். முடி அத்தனையும் குத்திட்டு நின்றது.

'அடடா! பேயை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினோமே!' என்று துள்ளி எழுந்தார்.

கேட்டு வாங்கலாம்தான். ஆனால் கேட்டால் கொடுப்பாளா? "என் குரல் பேய்க்குரலா?" என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும்? அப்படியே கொடுத்தாலும், கேட்டுக் கொடுக்கிற 'ஏங்க'வில் அந்த வால் வராது. அது மனசறிந்து வருகிற சமாச்சாரம் இல்லை. ரத்தத்திலிருந்து வர வேண்டும்.

ஆகவே சத்தக்காரர் திருட்டுத்தனம் பண்ணினார். மறுநாள் காலை பதிவுக் கருவியைச் சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டை வேண்டுமென்றே கட்டிலின் நட்டநடுவில் விரித்துப் போட்டார். பிறகு நல்ல பிள்ளையாக வாசல் பக்கம் போய் நின்றார்.

மனைவி படுக்கையறைக்குப் போனாள். திரும்பிச் சமையலறைக்கு வந்தாள்.

"ஏங்க…"

வலையில் விழுந்தது மீன்!

அந்தக் குரலில் அவர் கையே வைக்கவில்லை. கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். டைரக்டர் அதை ஒரு தடவை கேட்டார். எழுந்து நின்றார். "இதோ வரேன்," என்று சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்று சுற்றிப் பார்த்தார்.

"யாருய்யா இந்த நடிகை?"

"ரகசியம் சார்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சத்தக்காரர் வீட்டில் கூட்டம். டி.வி.காரர் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பது அந்தக் கட்டடத்தில் ஒரு பெருமை. எதிர்வீட்டுத் தையலக்கா வந்தாள். பேய்களுக்கு வெள்ளை அங்கி தைத்துக் கொடுப்பவள் அவள்தான். மேல்வீட்டு லாரிக்காரர் மனைவியோடு வந்தார். அவர் மீசை ஒன்றுக்கே தனி நாற்காலி போட வேண்டும். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லாரியை ஒற்றைக் கையால் இறக்கியதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

"பேயாவது பிசாசாவது," என்று டீயை வாங்கிக்கொண்டார் லாரிக்காரர். "நான் பார்க்காத பேயா!"

கதை ஓடியது. பழைய வீடு. தனியாக ஒருவன். மூடின கதவு. ஒரு சத்தமும் இல்லை. பிறகு மெல்ல, எங்கேயோ 'சொட்'டென்று ஒரு சத்தம். இன்னொரு 'சொட்'.

"ஏங்க…"

லாரிக்காரர் கையிலிருந்து டீ டம்ளர் விழுந்தது. "இதோ வந்துட்டேம்மா, குப்பையை இப்பவே கொட்டிடறேன்!" என்று எழுந்து கதவு வரை போய்விட்டார். குரல் எது, எப்போது வரும் என்று எல்லாம் தெரிந்த சத்தக்காரரும் பாதி எழுந்துவிட்டார்.

பெண்கள் மூன்று பேரும் அசையவில்லை.

"என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள் லாரிக்காரர் மனைவி. "உட்காருங்க. பேய் இனிமேதான் வரும் போல."

கதை முடிந்தது. திரையில் போன் நம்பர் வந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் தையலக்கா. "பேய் எங்க?"

"அதான் வந்துச்சே அக்கா!" என்றார் சத்தக்காரர்.

"எங்க வந்துச்சு? ஒரு பொண்ணு புருஷனைக் கூப்பிட்டா. அதுக்கு அந்த ஆள் ஏன் மூலையில போய் ஒண்டிக்கிட்டு அழறான்? கூப்பிட்டா என்னன்னு கேக்க வேண்டியதுதானே?"

"அதானே," என்றாள் லாரிக்காரர் மனைவி. "பாவம், செத்தும் அவளே வந்து கூப்பிட வேண்டியிருக்கு."

லாரிக்காரர் மட்டும் மீசையைத் துடைத்தபடி சத்தக்காரரின் காதில் கிசுகிசுத்தார். "என் சம்சாரம் குரலை எப்படிய்யா பிடிச்சே? எங்க வீட்டுக்குள்ள எப்ப வந்தே?"

கேட்ட ஆண்கள் எல்லோருக்கும் அது அவரவர் வீட்டுக் குரலாகவே கேட்டிருக்கும் போல. சத்தக்காரருக்கு மூச்சு வந்தது. அப்படியானால் யாரும் கண்டுபிடிக்கவில்லை!

மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஏதோ தூரத்துப் பாட்டைக் கேட்பவள் போல உட்கார்ந்திருந்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, மேசை மேல் இருந்த போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து சிந்தின டீயைத் துடைத்தாள்.

"நல்லா இருந்துச்சு," என்றாள்.

மறுநாள் நிலையத்தில் டைரக்டர் தரையில் நடக்கவில்லை.

"விடிய விடியப் போன்யா! ஒருத்தர் கதை பாதியில எழுந்து போய்த் தண்ணி மோட்டாரை நிறுத்திட்டு வந்தாராம். மோட்டாரே ஓடலையாம்! இன்னொருத்தர் குளியலறையில பூந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அங்கிருந்தே பேசினாரு. ஒருத்தர் தெருமுனையில நின்னுக்கிட்டுப் பேசறாரு. வீட்டுக்குள்ள போகலாமா வேண்டாமான்னு என்னைக் கேக்கறாரு! நான் என்னத்தைச் சொல்ல?"

"பொம்பளைங்க சார்?"

"அவங்களும் பேசினாங்க. எல்லாரும் ஒரே திட்டு. கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம், பேயைக் காட்டாம ஏமாத்திட்டீங்கன்னு. போகட்டும்யா. பாதி ஜனம் நடுங்கினா போதும். மேலிடத்துல ஒரே சந்தோஷம். முதல் தடவையா அதே பேய் அடுத்த வாரமும் வரணுமாம். இந்தத் தடவை ஒரே ஒரு ஏங்க பத்தாது. மெதுவா ஒண்ணு, கோபமா ஒண்ணு, தூரத்துல இருந்து ஒண்ணு. வெள்ளிக்கிழமை என் கையில இருக்கணும். இல்லேன்னா சமையல்தான். புரியுதா?"

"புரியுது சார்."

"சரி. இன்னைக்கு நீ இங்க இருக்காதே. கதைக்கு நாய் ஊளை வேணும். வெளியே போய்ப் பதிவு பண்ணிக்கிட்டு வா. சாயங்காலம் வரைக்கும் வராதே." சொல்லிவிட்டு டைரக்டர் ஏனோ சிரித்தார்.

அன்றைக்கு முழுக்கச் சத்தக்காரர் நாய்களுக்குப் பின்னால் அலைந்தார். எந்த நாயும் ஊளையிடவில்லை. வாலை ஆட்டின. பிஸ்கட் தின்றன. மைக்கை நக்கின. கடைசியில், ஒரு கிடங்கின் வாசலில் படுத்திருந்த கறுப்பு நாய்க்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று இவரே ஊளையிட்டார். நாய் எழுந்து போய்விட்டது. காவலாளிதான் கம்போடு வந்தார்.

வீட்டுக்கு வந்து துண்டைக் கட்டிலில் எறிந்தார். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

மனைவி துண்டை எடுத்தாள். உதறினாள். கொடியில் காயப் போட்டாள். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனாள். காது கொடுத்துக் கேட்டார். பாட்டு!

செவ்வாய்க்கிழமை ஷூ காலோடு சமையலறைக்குள் நடந்தார். அவள் துடைத்துவிட்டாள். ஃபிரிஜ்ஜைத் திறந்து போட்டார். மூடிவிட்டாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்தார். எறும்பு வந்தது, 'ஏங்க' வரவில்லை. பேசாமல் இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. நன்றாகப் பேசினாள். "சாப்பிட வாங்க", "பாப்பாவைப் பிடிங்க", எல்லாம் வந்தது. பக்கத்தில் வந்து நின்று, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் இந்த வீட்டை விட்டே குடிபோய்விட்டது.

தூரத்தில் இருந்தால் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்று வாசலிலேயே உட்கார்ந்து பார்த்தார். பாப்பா வந்தது. மூன்று வயது.

"அப்பா, அம்மா வரச் சொன்னாங்க."

"ஏன், அம்மாவுக்கு வாய் இல்லையா?"

"இருக்கு," என்றது பாப்பா. "அதுல பிஸ்கட்டுத் திங்கறாங்க."

உள்ளே போனார். மனைவி ஒன்றும் சொல்லாமல் பிஸ்கட்டை மென்றுகொண்டே பாத்திரம் தேய்க்கிற தொட்டியைக் கண்ணால் காட்டினாள்.

"என்ன?"

"ஒண்ணும் இல்ல. பார்த்துக்கிட்டு இருந்தேன்."

சத்தக்காரர் தலையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தார். எதிரே தையலக்கா மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒரு உதவி. ஒரே ஒரு தடவை என்னை 'ஏங்க'ன்னு கூப்பிடுங்க."

மிஷின் நின்றது.

"யாரை?"

"என்னைத்தான்."

"உங்களை நான் எதுக்கு ஏங்கன்னு கூப்பிடணும்? எனக்குன்னு ஒரு மனுஷன் வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்காரு!"

"ஐயோ, வேலைக்கு அக்கா! பேய்க்கு!"

"ஓ, நான் பேயா?"

"இல்லக்கா…"

"அப்ப உங்க வீட்டம்மா பேயா?"

முன்னால் போனாலும் முட்டுகிறது, பின்னால் போனாலும் முட்டுகிறது. தையலக்கா வாயிலிருந்த நூலைக் கடித்துத் துப்பினாள். சிரிப்பை அடக்குவது போலத் தெரிந்தது.

"தம்பி, ஒரு பொம்பளை திட்ட வேண்டிய இடத்துல பாட்டுப் பாடினா, அவளுக்கு ஏதோ வேணும்னு அர்த்தம். எதையாவது காட்டினாளா?"

"தொட்டியைக் காட்டினா."

"தொட்டியில என்ன இருக்கு?"

"குழாய்தான் இருக்கு."

"சொட்டுதா?"

"சொட்டுதா என்ன?"

தையலக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க வீட்டுல உட்கார்ந்திருக்கற எனக்குக் கேக்குது. பாப்பா தவழ்ந்த காலத்துல இருந்து சொட்டுது. காதை வச்சுப் பிழைக்கற மனுஷன் நீங்க! உங்களுக்குக் கேக்கலையா?"

சத்தக்காரர் சமையலறையில் போய் நின்றார். கண்ணை மூடினார்.

சொட்.

ஆமாம்!

சொட்.

பக்கத்துத் தெருவில் ஊசி விழுந்தால் எந்தக் கடையில் வாங்கின ஊசி என்று சொல்லக்கூடியவர் அவர். ஆனால் தினமும் கேட்டுக் கேட்டுத் தன் வீட்டுக் குழாய் அவர் காதுக்குச் சுவராகிவிட்டது. "நாளைக்குப் பார்க்கறேன்" என்று அதற்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

திடீரென்று ஒரு பயம் பிடித்தது. ஓடிப்போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அன்று திருடின குரலைப் போட்டார். சொட். சொட். "ஏங்க…" சொட்.

டி.வி.யில் இத்தனை பேர் முன்னால் தன் வீட்டுக் குழாயைச் சொட்டவிட்டிருக்கிறார்! கதைக்கு வேண்டிப் போட்டது என்று ஊர் நினைத்திருக்கும். ஆனால் அந்தக் குழாயோடு காலை முதல் ராத்திரி வரை குடித்தனம் பண்ணுகிறவளுக்குத் தெரியாதா? குரலை அவள் அடையாளம் கண்டாளோ இல்லையோ, குழாயை அந்த நிமிஷமே கண்டுகொண்டிருப்பாள்.

'மாட்டிக்கிட்டோம்,' என்று தலையில் கை வைத்தார்.

சரி, மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் குழாயைச் சரி பண்ணிவிட்டால் கோபம் பாதி இறங்கும் என்று கணக்குப் போட்டார். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வாஷர் வாங்கி வந்தார். குழாயைக் கழற்றினார். மெயின் வால்வை மூட மறந்துவிட்டார். தண்ணீர் பீய்ச்சி அடித்துச் சட்டை, தலை, கூரை எல்லாம் நனைந்தது. பாப்பா கை தட்டியது. ஒருவழியாகக் குழாய் வாயை மூடியது. மனைவி வந்து பார்த்தாள். விரலை அடியில் நீட்டிக்கொண்டு நின்றாள். விரல் நனையவில்லை.

இப்போது வரும் என்று காத்திருந்தார்.

அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

தாழ்ப்பாள் மாட்டினார். அவள் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். ஏணி போட்டு ஏறி அதன் ஆட்டத்தை நிறுத்தினார். வியாழக்கிழமை அவர் வேலை விட்டு வந்ததும் அவள் துணி அலமாரியைப் பார்த்தாள்.

"அது வேண்டாம்மா!" என்று கத்திவிட்டார் சத்தக்காரர்.

அந்த அலமாரிக் கதவு அவருடைய பொக்கிஷம். இதுவரை வந்த பேய் வீட்டுக் கதவுகள் அத்தனைக்கும் கிறீச்சென்று குரல் கொடுத்தது அதுதான். அதைத் திறக்கும்போதெல்லாம் பாப்பா தூக்கத்திலிருந்து அலறி எழும்.

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றாள் மனைவி. "சும்மா பார்த்தேன்."

கண்ணில் நீர் முட்ட எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். கீலில் மூன்று சொட்டு விட்டார். கதவு ஒருதரம் முனகியது. பிறகு வெண்ணெய் மாதிரி திறந்தது. சொந்தக்காரரை அடக்கம் செய்துவிட்டு வந்தவர் போல அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் சொட்டு இல்லை, ஆட்டம் இல்லை, கிறீச் இல்லை. 'ஏங்க'வும் இல்லை. டைரக்டர் மட்டும் போனில் இருந்தார். "என்னய்யா, குரல் வந்துச்சா? நாளைக்கு வெள்ளி! கடுகு தயாரா இருக்கு, தெரியுமில்ல?"

வெள்ளிக்கிழமை காலை சத்தக்காரர் மனைவி முன்னால் போய் நின்றார். அவள் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"எது? பருப்பு டப்பாவுக்குப் பின்னால வச்சதா?"

"அ… அதுவும் தெரியுமா?"

"பருப்பு எடுக்கற நான் டப்பாவைத் தொடாமலா எடுப்பேன்? சின்னதா சிவப்பு விளக்கு எரிஞ்சுது. ஏதோ வேலைக்குன்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை குழாய் சத்தம் கேட்டதும் எந்த வேலைன்னு புரிஞ்சுது."

"கோபமா?"

"என் குரலுக்கு அந்த மீசைக்காரர் டம்ளரைப் போட்டாரே. அதுல எனக்கு என்ன கோபம்? கேக்காம எடுத்தீங்களே, அதுதான்."

"இப்பக் கேக்கறேன். காலைப் பிடிச்சுக் கேக்கறேன். மெதுவா ஒண்ணு, கோபமா ஒண்ணு, தூரத்துல இருந்து ஒண்ணு. இன்னைக்குக் குடுக்கலைன்னா என் வேலை போயிடும்மா."

"போகாது. அதெல்லாம் குடுத்தாச்சு."

"யாருக்கு?"

"உங்க டைரக்டருக்கு."

"எப்ப?"

"திங்கட்கிழமை. உங்களை எதுக்கு நாய் ஊளை பிடிக்க அனுப்பினாருன்னு நினைச்சீங்க?"

சத்தக்காரர் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கு உன்னை எப்படித் தெரியும்?"

"கதை முடிஞ்சதும் டி.வி.யில நம்பர் போட்டாங்க இல்ல? நானும் பார்த்தவதானே, கருத்துச் சொல்லலாம்னு பண்ணேன். அவரே எடுத்தாரு. நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"ஏங்கன்னு."

"ஐயோ! அப்புறம்?"

"போன் கீழ விழற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் எடுத்து, 'அம்மா, என்ன வேணும்னாலும் சொல்லுங்க, பண்றேன்'னாரு. திங்கட்கிழமை தையலக்காவைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். நல்ல மரியாதை. பாப்பாவுக்கு ஐஸ்கிரீம்கூட வாங்கிக் குடுத்தாரு."

"அக்காவுக்கும் தெரியுமா! சரி, திங்கட்கிழமையே முடிஞ்சிருந்தா அந்த மனுஷன் ஏன் தினமும் என் உயிரை வாங்கினாரு?"

"நான்தான் வாங்கச் சொன்னேன்."

"ஏன்?"

அவள் பாப்பாவின் பின்னலை முடித்து ரப்பர் போட்டாள். "குழாய் மாறிச்சு. ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் வந்துச்சு. ஃபேன் நின்ன இடத்துல சுத்துது. பாப்பா நேத்து ராத்திரி அலறாம தூங்கினா. நான் வாயால சொல்லியிருந்தா இதுல ஒண்ணாவது நடந்திருக்குமா?"

சத்தக்காரர் யோசித்தார். நடந்திருக்காது. அதை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. கோபப்படலாம் என்றால் வேலை தப்பித்த சந்தோஷம் இடையில் வந்து கெடுத்தது. அப்படியே நிலையத்துக்குப் போனார்.

அங்கே டைரக்டர் குரலைப் போட்டுக் காட்டினார். மெதுவாக, கோபமாக, தூரத்திலிருந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் சேர்ந்து எழுந்து சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எல்லாம் இருக்குய்யா. ஒண்ணுதான் குறையுது," என்றார் டைரக்டர். "போன வாரம் ஒரு சொட்டுச் சத்தம் வந்துச்சே. அது இல்லாம பேய் நிக்க மாட்டேங்குது. அதைப் போய் மறுபடி பிடிச்சுக்கிட்டு வந்துடு."

"அது… நேத்து… முந்தாநாள்தான் சரி பண்ணினேன் சார்."

"அப்ப கையால பண்ணு. நீ சத்தக்காரர்தானே?"

அன்று பொழுது சாயும்வரை சத்தக்காரர் ஒரு வாளியையும் டம்ளரையும் வைத்துக்கொண்டு, தான் கஷ்டப்பட்டு நிறுத்தின சொட்டை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொட்டினார். எதுவும் அந்தப் பழைய குழாய் மாதிரி வரவில்லை. ஒவ்வொரு தடவையும் டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே கூட்டம். லாரிக்காரர் டீ வேண்டாம் என்று முன்ஜாக்கிரதையாகச் சொல்லிவிட்டார். கதவு, இருட்டு, சொட்டு. மூன்று விதமாகக் குரல் வந்தது. மூன்றாவதோடு முடியும் என்று சத்தக்காரர் நினைத்தார். முடியவில்லை. மனைவி தன் இஷ்டத்துக்கு ஒன்று சேர்த்திருக்கிறாள். அதை டைரக்டர் இவருக்குப் போட்டுக் காட்டவேயில்லை.

"ஏங்க… அந்தக் குழாயைப் பார்க்கறேன்னு சொன்னீங்களே… பார்த்தீங்களா?"

லாரிக்காரர் இந்தத் தடவை கதவோடு நிற்கவில்லை. மாடிக்கே ஓடிவிட்டார். மேலே அவர் குழாயைத் திருகிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"இதுதான் கதை!" என்று தையலக்கா தொடையில் தட்டினாள். "போன வாரம் ஒண்ணும் புரியலை. இந்தப் பேய் நியாயமாப் பேசுது."

நிலையத்துக்கு வந்த போன்களில் இந்த வாரம் ஒரு திட்டும் இல்லை. பேய் சொன்னது சரிதான், வாராவாரம் அதையே அனுப்புங்கள் என்று பெண்கள் எல்லோரும் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள். ஆண்கள் யாரும் கருத்துச் சொல்லக் கூப்பிடவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் குழாய் ரிப்பேர்காரருக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை ஒரு கடையிலும் வாஷர் இல்லை.

சமையல் நிகழ்ச்சி வரவில்லை. சத்தக்காரரின் வேலையும் போகவில்லை. அதே பேய் இப்போது வாராவாரம் வருகிறது. அடுத்தது பரண் மேல் சாமான், அதற்கடுத்தது மாமியாருக்குப் போன் என்று மனைவி டைரக்டரிடம் சொல்லிவைத்திருப்பதாகக் கேள்வி.

வீட்டில் ஒரு மாற்றம் மட்டும் உண்டு. அவள் இப்போதெல்லாம் தொண்டையை வருத்திக்கொண்டு அவரைக் கூப்பிடுவதே இல்லை. கதையை டி.வி.யில் பதிவு பண்ணி வைத்திருக்கிறாள். சத்தக்காரர் வர வேண்டுமென்றால் பாப்பா ரிமோட்டை அமுக்குகிறது.